மேலுலகம் இல்லெனினும்

(குழித்துறையில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவன் நல்லவனாக இருக்க முடியுமா? இதுதான் இன்றைக்குப் பேசச் சொன்ன பொருள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை எடுப்பது கொஞ்சம் சங்கடமான காரியம். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழப் பாதிப்பாதி, முஸ்லிம்கள் நூற்றுக்கு நாலு பேர். அம்மன் கோயில் கொடை மைக்கும் சர்ச் திருவிழா மைக்கும் ஒரே சந்திப்பில் கட்டியிருக்கும். இடையில் பழைய தோழர்கள் சிலர் சாமியும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம் என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று தரப்பையும் ஒரே கூட்டத்தில் சமாதானப்படுத்த எனக்குத் தெரியாது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-ல் 34 நாடுகளில் இதே கேள்வியைக் கேட்டது. ஒழுக்கமாக வாழக் கடவுள் நம்பிக்கை அவசியம் என்றவர்கள் ஸ்வீடனில் 9 விழுக்காடு. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 96. எல்லா நாடுகளுக்குமான நடுமதிப்பு 45. மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு இது கணக்கு. அவர்கள் நினைப்பது சரியா என்பதற்குக் கணக்கு வேறு.

எது நல்லது என்று தீர்மானிப்பது யார் என்பது ஒரு கேள்வி. தெரிந்த நல்லதைச் செய்யவைப்பது எது என்பது வேறொன்று. செய்ய ஆரம்பித்ததைப் பத்து வருஷம் விடாமல் செய்யவைப்பது எது என்பது மூன்றாவது. பட்டிமன்றங்களில் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். அதனால்தான் கை தட்டல் கிடைக்கிறதே தவிரப் பதில் கிடைப்பதில்லை.

முதல் கேள்வியை அதிகம் நீட்டப்போவதில்லை. கடவுள் சொன்னதால் ஒன்று நல்லதா, நல்லதாக இருப்பதால் கடவுள் சொன்னாரா என்று சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதி 2,300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலாவது என்றால், அவர் நாளைக்கே கொலை செய் என்றால் கொலையும் நல்லதாகிவிடும். இரண்டாவது என்றால், நல்லதற்கு அளவுகோல் அவருக்கு வெளியே இருக்கிறது. கடவுளின் இயல்பே நன்மைதான், இரண்டையும் பிரிக்கவே முடியாது என்று இறையியலாளர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். அது அலட்சியப்படுத்தக்கூடிய பதில் அல்ல. ஆனால் அந்த இயல்பை நன்மை என்று கண்டுகொள்ள நம் கையில் ஓர் உரைகல் முன்கூட்டியே இருந்தாக வேண்டும்.

நம் மண்ணில் இந்த விவகாரம் வேறு விதமாகத் தொடங்குகிறது. பொதிகை மலையை ஆண்ட ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடுகிறார். ஆய் நாடு என்றால் ஏதோ தூரத்து ராஜ்யம் இல்லை, நாஞ்சில் நாட்டையும் இந்தப் பக்கத்தையும் சேர்த்து ஆய் குலத்தார் ஆண்டதுதான். புறநானூற்றின் 134-ஆம் பாட்டு: ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்’. இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவனுக்குப் புலவர் வைத்த பெயர் அறவிலை வணிகன். அப்படியானால் ஆய் ஏன் கொடுத்தான்? சான்றோர் போன வழி அது என்பதால் கொடுத்தான் என்கிறது பாட்டு. வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போய் ‘மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று’ என்று முடித்துவிடுகிறார். இவர்களை நாத்திகர் என்று யாரும் சொல்ல முடியாது. வள்ளுவர் முதல் அதிகாரத்திலேயே கடவுளை வாழ்த்தியவர். மறுமை இருக்கிறது என்று நம்பிக்கொண்டே, ஈகைக்கு அதைக் காரணமாகக் காட்ட மறுத்தார்கள். இன்றைய மேடைகளில் இரண்டு பக்கத்தாரிடமும் இந்த நிதானத்தைக் காணோம்.

இனி இரண்டாவது கேள்வி. நம்பிக்கை ஆளைச் செயலுக்குத் தள்ளுகிறதா? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர் இருவர் 1973-ல் வெளியிட்ட சோதனை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் குருமடத்தில் நடந்தது. பாதிரியாராகப் படிக்கும் 40 மாணவர்கள். அவர்களில் பாதிப் பேர் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய், வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு நின்று உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேச வேண்டும், மீதிப் பேருக்கு வேறு தலைப்பு. போகும் வழியில் ஒரு சந்தில் ஒருவர் இருமிக்கொண்டு சரிந்து கிடப்பார். அவர் சோதனைக்காக வைக்கப்பட்ட ஆள். அவசரமே இல்லை என்று அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற நினைப்பு கணிசமான வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. எவ்வளவு பக்தி என்பதைக் கொண்டும் யார் நிற்பார் என்று சொல்ல முடியவில்லை. கையில் இருந்த நேரம்தான் தீர்மானித்தது.

இதைக் கேட்டு நாத்திக நண்பர்கள் சிரிப்பதற்குள் இன்னொன்று. 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆறு நாடுகள், 1,170 குழந்தைகள். ஸ்டிக்கர்களில் பிடித்த பத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஸ்டிக்கர் கிடைக்காத வேறு பிள்ளைகளுக்கு எத்தனை கொடுப்பாய் என்று பார்த்தார்கள். மத நம்பிக்கையுள்ள வீட்டுப் பிள்ளைகள் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று முடிவு. உலகப் பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. பிறகு வேறு ஆய்வாளர்கள் தரவை வாங்கிப் பார்த்தால், கணக்கில் கோளாறு. ஒவ்வொரு நாட்டுக்கும் 1, 2, 3 என்று அடையாள எண் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணை வெறும் அடையாளமாக வைக்காமல் அளவாகவே கணக்கில் ஏற்றிவிட்டார்கள். பஸ் ரூட் நம்பரைக் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு கூட்டினால் என்ன வருமோ அதுதான் வந்தது. சரிசெய்ததும் முக்கிய முடிவு கரைந்துபோனது. 2019-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இன்றும் வாட்ஸ்அப்பில் அது சுற்றுகிறது, திரும்பப் பெற்ற செய்தி மட்டும் சுற்றுவதில்லை.

எதிர்ப்பக்கத்துக்குப் பிடித்த ஆய்வுக்கும் இதே கதிதான். கனடாவில் ஷரீஃப், நோரன்சயான் இருவரும் 2007-ல் வெளியிட்டது. கலைத்துப் போட்ட சொற்களைச் சேர்த்து வாக்கியமாக்கச் சொன்னார்கள். சிலருடைய சொற்களுக்கு நடுவில் கடவுள், தெய்வீகம் போன்றவை ஒளிந்திருந்தன. பிறகு பத்து டாலர் கொடுத்து, முகம் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு விடுவாய் என்று பார்த்தார்கள். சாதாரணச் சொற்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 1.84 டாலர் விட்டார்கள், கடவுள் சொற்களைப் பார்த்தவர்கள் 4.22. பார்த்தீர்களா என்று மேடைகளில் சொல்வார்கள். ஆனால் அதே கட்டுரையின் இரண்டாம் சோதனையில் கடவுளுக்குப் பதிலாகக் காவல்துறை, நீதிமன்றம், ஒப்பந்தம் என்ற சொற்களை ஒரு பிரிவினருக்குக் கொடுத்தார்கள். கடவுள் சொற்களுக்கு 4.56, இவற்றுக்கு 4.44. ஆக, கடவுள் செய்த வேலையைப் போலீசும் செய்துவிட்டது. போதாக்குறைக்கு, பிற்பாடு வேறொரு குழு பெரிய அளவில் திரும்பச் செய்தபோது கடவுள் சொற்களின் விளைவு கிடைக்கவேயில்லை.

சோதனைச்சாலை போதும். யாரும் பார்க்காத இடத்தில் மனிதன் என்ன செய்கிறான் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் அறை இருக்கிறது. இரத்த வங்கியில் ஊசி போடுவதற்கு முன் கேள்வித்தாள் நிரப்பும் அறை. 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5. இவற்றையெல்லாம் இரத்த வங்கிக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பாதுகாப்பற்ற உறவு இருந்ததா, கடந்த ஒரு வருஷத்தில் பச்சை குத்தினாயா, மஞ்சள் காமாலை வந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்பவற்றை உங்களைத் தவிர யாரும் அளக்க முடியாது. எடுத்த இரத்தத்தைப் பரிசோதிப்பார்களே என்று கேட்கலாம். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாவற்றுக்கும் பரிசோதனை உண்டு. ஆனால் கிருமி உள்ளே வந்த முதல் சில வாரங்களில் பரிசோதனை அதைப் பிடிக்காமல் விடலாம். விண்டோ பீரியட் என்பார்கள். அந்த இடைவெளியில் நோயாளிக்கு இருக்கும் பாதுகாப்பு ஒன்றே ஒன்று: கொடுப்பவர் எழுதும் உண்மை.

அந்த உண்மை எப்போது கெடுகிறது? காசு வாங்கும்போது. பணத்துக்காக வருகிறவன் காமாலையை மறைப்பான், மறைத்தால்தான் கூலி. 1970-ல் பிரிட்டிஷ் சமூக ஆய்வாளர் ரிச்சர்ட் டிட்மஸ் பிரிட்டனின் இலவச தானத்தையும் அமெரிக்காவின் விலை இரத்தத்தையும் ஒப்பிட்டு இதை விளக்கினார். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் காசுக்கு இரத்தம் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. காசு இல்லாமலும் உண்மை கெடும். திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை, நோயாளிக்கு ஏற்றும் இரத்தத்துக்கு ஈடாக மாற்று இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று போன் வரும். களியக்காவிளை தாண்டி நாலு மச்சான்மாரை வேனில் ஏற்றிக்கொண்டு போவோம். அவர்களில் ஒருவனுக்குக் கொடுக்கக்கூடாத காரணம் இருக்கிறது. மாமியார் வீட்டார் வராந்தாவில் நிற்கிறார்கள். அவன் உண்மையை எழுதுவானா? அங்கே அவனுடைய பக்தி எந்தப் பக்கம் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. பயபக்தியுள்ளவனுக்கு வெட்கம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே விவரம் தெரிந்த இரத்த வங்கிகள் அவனுடைய மனசாட்சியை நம்பி உட்காராமல் ஏற்பாட்டைத் திருத்துகின்றன. கேள்விகளை உறவினர் இல்லாத தனி அறையில் கேட்பார்கள். மறுத்தால் காரணத்தை வெளியே சொல்ல மாட்டார்கள், ஹீமோகுளோபின் குறைவு என்று சொல்லிக்கொள்ள இடம் விடுவார்கள். கொடுத்த பிறகும், என் இரத்தத்தைப் பயன்படுத்தவேண்டாம் என்று ரகசியமாகச் சொல்ல வழி வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

அறவிலை வணிகன் என்று முடமோசியார் சொன்னதன் நடைமுறைப் பொருள் எனக்கு இங்கேதான் பிடிபடுகிறது. கொடுப்பதில் தனக்கு ஒரு லாபம், அது காசோ பெயரோ புண்ணியமோ, இருக்கிறது என்றால் கொடுக்கும் பொருளின் குறையை மறைக்கத் தோன்றும். நேர்ச்சைக்காக இரத்தம் கொடுக்கிறவர் நல்லவர்தான். ஆனால் ‘இன்றைக்கு உங்களுக்கு முடியாது, காய்ச்சல் மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்கள்’ என்று நர்ஸ் சொன்னால் வருத்தமில்லாமல் திரும்பிப் போகிறாரா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், விடாமல் செய்யவைப்பது எது? கேரள எல்லையைத் தாண்டினால் நெய்யாற்றின்கரைப் பக்கம் அருவிப்புறம். 1888-ல் நாராயண குரு ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனைப் பிரதிஷ்டை செய்த இடம். அதற்கு முன் நம் மருத்துவாமலையில் தவம் இருந்தவர். ஒரு ஜாதி, ஒரு மதம், ஒரு தெய்வம் என்றார். அவருடைய சீடர் சகோதரன் ஐயப்பன் 1917 மே மாதம் செராயியில், அன்று தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட புலையர்களோடு உட்கார்ந்து கூட்டு விருந்து நடத்தினார். சொந்த ஜாதிக்காரர்களே ஒதுக்கிவைத்தார்கள், புலையன் ஐயப்பன் என்று பட்டம் கட்டினார்கள். அவரோ ஜாதி வேண்டாம், மதம் வேண்டாம், தெய்வம் வேண்டாம் என்று குருவின் வாக்கையே மாற்றிச் சொன்னார். குரு அவரைத் தள்ளிவைக்கவில்லை. தெய்வம் உண்டு என்றவரும் இல்லை என்றவரும் ஒரே பந்தியைத்தான் விரும்பினார்கள்.

அந்தப் பந்தி தொடர்ந்து நடக்க என்ன வேண்டும்? புட்னம், கேம்ப்பெல் என்ற அரசியல் ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவில் பெரிய அளவில் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட முடிவு இதில் உதவும். சர்ச்சுக்குப் போகிறவர்கள் மற்றவர்களைவிட அதிகம் கொடுக்கிறார்கள், அதிகம் உழைக்கிறார்கள். அது உண்மை. ஆனால் எதை நம்புகிறார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பு காணோம். சபையில் எத்தனை நண்பர்கள் என்பதோடுதான் தொடர்பு. வாராவாரம் பார்ப்பது, பார்க்கும் ஆள் ‘சனிக்கிழமை வருகிறாயா’ என்று கேட்பது, வராவிட்டால் விசாரிப்பது. மதம் கொடுப்பதில் பெரும்பகுதி இதுதான். நாத்திகர்களிடம் எனக்குள்ள குறை இங்கேதான். கொள்கை வகுப்பு நடத்துவார்கள், கேட்கும் ஆள் இல்லை, விசாரிக்கும் ஆள் இல்லை.

தீராத நோயாளிகளின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் கேரளத்தின் சாந்த்வன சிகிச்சை இயக்கம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கி, பிறகு மலப்புறம் பக்கம் ஊர் ஊராகத் தொண்டர்கள் கைக்குப் போய், 2008-ல் மாநில அரசின் கொள்கையே ஆனது. தொண்டரிடம் கேட்கும் தகுதி, வாரத்தில் இரண்டு மணி நேரம். பிறகு பயிற்சி. பள்ளிவாசல்காரரும் கட்சிக்காரரும் ஒரே ஜீப்பில் வீட்டுக்கு வீடு போவார்கள். படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடமும் குதிகாலும் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் சிவப்பு மறைகிறதா என்று பார்ப்பார்கள். மறையாவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. இதில் தெய்வத்துக்கு இடம் உண்டா என்று கேட்டால், வேண்டுகிறவருக்கு உண்டு. விரலுக்கு அது தெரியவேண்டியதில்லை.

இப்படிப்பட்ட குழு எங்கே உடைகிறது என்றால், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும்போது. கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் அரிசி குவிந்து, மறுமாதம் ஒன்றும் இல்லாதபோது. வாடை அடிக்கும் புண் உள்ள வீட்டை ஒவ்வொருவராக நைசாகத் தவிர்க்கும்போது. இரத்த தானத்திலும் இதே கதை. தலைவர் பிறந்தநாளன்று ஒரே முகாமில் நூற்றுக்கணக்கான யூனிட் எடுப்பார்கள். பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், சிவப்பணு 35 முதல் 42 நாள். பிறகு டெங்கு வரும்போது, அன்று கொடுத்தவன் 90 நாள் ஆகாமல் மறுபடி கொடுக்க முடியாது, பெண்ணுக்கு 120 நாள். அன்று கொடுத்தவர்களின் மனசு தங்கம், நாள்தான் தப்பு.

அதனால் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம், வாசலில் இருக்கிறது. பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, எந்தக் கிழமையில் இரண்டு மணி நேரம் ஓய்வு. மாதத்துக்கு இத்தனை பேர் என்று பிரித்து, முறை வரும்போது நாங்கள் கூப்பிடுவோம். இரண்டு தரம் வராதவரை வீட்டுக்கு வந்து விசாரிப்போம், கோபித்துக்கொள்ளக்கூடாது. கொடுக்க முடியாத காரணம் உள்ளவர்கள் கிழமையை மட்டும் எழுதினால் போதும், ஏன் என்று கேட்கமாட்டோம்.