மண் இல்லாத ஆர்க்கிட்

வணக்கம் நேயர்களே. 2002-இல் ஹாங்காங்கில் ஒரு சீனப் பீங்கான் ஜாடி ஏலத்துக்கு வந்தது. 18-ஆம் நூற்றாண்டில், யோங்செங் பேரரசர் காலத்தில் செய்தது. அதன்மேல் ஓவியமாக, கிளை நிறையப் பழுத்த பீச் பழங்கள், கூடவே வௌவால்கள். 4 கோடியே 15 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. அதற்கு முன்னால் அது அமெரிக்காவில், முன்னாள் தூதர் ஒருவரின் குடும்பத்தில், மேசை விளக்கைத் தாங்கிக்கொண்டு நின்றது!

அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அது அழகான ஜாடி. சீனர்களுக்கோ பிறந்தநாள் வாழ்த்து. மேற்குத் திசை அரசியன்னையின் தோட்டத்தில் மூவாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் பீச்சைத் தின்றால் சாவில்லை என்பது அவர்களுடைய பழங்கதை. வௌவாலைச் சொன்னாலும் நற்பேற்றைச் சொன்னாலும் சீனத்தில் ஒரே ஒலிதான், 'ஃபூ'. ஆக, சீரும் சிறப்புமாய் நீடூழி வாழ்க!

மாதுளையைப் பிளந்து முத்துகள் தெரிய வரைந்திருந்தால், அது கல்யாண வீட்டுக்கு. நிறையப் பிள்ளைகள் பிறக்கட்டும் என்று. தாமரையோ நேர்மையானவருக்கு. சேற்றில் முளைத்தும் சேறு படாத பூ என்று அதைப் புகழ்ந்தவர் 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் சோ துன்யி. நாம் இலையைப் பார்த்துச் சொன்னதை அவர் பூவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

வாழ்த்துச் சொல்லும் செடிகளைவிட, வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொன்ன செடிகள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. பைன், மூங்கில், பிளம் மூன்றையும் 'குளிர்கால நண்பர்கள்' என்பார்கள். பனியிலும் முதல் இரண்டும் பச்சை மாறாது. பிளம் மொட்டைக் கிளையிலேயே பூத்துவிடும். மங்கோலியர் ஆட்சியில், பதவி வேண்டாமென்று ஒதுங்கிய படிப்பாளிகளுக்கு இவை பிடித்துப்போனதில் வியப்பில்லை. பீங்கான் ஜாடிகளிலும் இவை இடம்பிடித்தன.

அந்தக் காலத்தவர்தான் ஓவியர் ஜெங் சிசியாவ். 1279-இல் சீனர்களின் சோங் அரசு மங்கோலியரிடம் வீழ்ந்த பிறகு அவர் வரைந்த ஆர்க்கிட் செடிகளுக்குக் கீழே மண்ணே கிடையாது, அந்தரத்தில் நிற்கும். மண் எங்கே என்று கேட்டவர்களிடம், "அதைத்தான் அந்நியர்கள் பறித்துக்கொண்டார்களே, தெரியாதா?" என்றாராம். உட்கார்ந்தால்கூட வடக்கே முகம் காட்டமாட்டாராம். புதிய அரசு வடக்கிலிருந்து வந்ததல்லவா!

1306-இல் அவர் தீட்டிய படம் ஒன்று ஜப்பானில், ஒசாகா நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சில இலைகள், ஒரு பூ, எல்லாம் கறுப்பு மையில். இதை வைத்து எந்த அதிகாரி அவர்மேல் ராஜத்துரோக வழக்குப் போட முடியும்?

நன்றி, வணக்கம்.