விக்டோரியோவின் சுனைகள்

வணக்கம் நேயர்களே. அமெரிக்கப் பழங்குடியினரான அப்பாச்சிகள் என்றதும் ஜெரோனிமோ பெயர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். போர்த்திறத்தில் அவருக்கும் ஒரு படி மேலே நான் வைப்பது விக்டோரியோவை.

நியூ மெக்சிகோவின் ஓஹோ காலியெந்தே என்ற வெந்நீர் ஊற்றுதான் அவருடைய சிஹென்னே என்ற அப்பாச்சிப் பிரிவினரின் தாய்மண். 1877இல் அமெரிக்க அரசு அவர்களை அங்கிருந்து கிளப்பி, அரிசோனாவின் சான் கார்லோஸ் என்ற பழங்குடி ஒதுக்கிடத்துக்குக் கொண்டுபோனது. வெக்கை, காய்ச்சல், வயிற்றுக்குப் போதாத ரேஷன். செப்டம்பரிலேயே முன்னூறு பேரோடு வெளியேறினார். பழைய ஊற்றங்கரையில் வாழ விடுங்கள் என்பதே அவர் திரும்பத் திரும்பக் கேட்டது. நிலையாக வாழ விடவில்லை.

1879 செப்டம்பர் 4 அன்று அதே ஓஹோ காலியெந்தேயில் அமெரிக்க ராணுவத்தின் கறுப்பினப் படையான ஒன்பதாம் குதிரைப்படையின் காவலர்களைக் கொன்று, குதிரைகளை ஓட்டிப்போனார். அடிமைத்தளை அறுந்து பதினைந்தே ஆண்டுகள் ஆன கறுப்பின வீரர்களைத்தான் அரசு அவர்மீது ஏவியது. அதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அவர் முறை இதுதான்: மலையிடுக்கின் மேட்டில் கற்களை அடுக்கி அரண் கட்டுவார். துரத்தி வரும் படையை உள்ளே வரவிட்டு, இரு பக்கமிருந்தும் சுடுவார். குதிரை விழுந்தால் படை முடங்கும். இருட்டியதும் பெண்களையும் குழந்தைகளையும் முன்னே அனுப்பிவிட்டு வேறு வழியில் நழுவுவார். படைக்குதிரைக்கு நாளொன்றுக்கு முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். வறண்ட நிலத்தில் சில நாள் துரத்தினாலே துவண்டுவிடும். அப்பாச்சிகளோ குதிரை ஓய்ந்தால் அதன் இறைச்சியைத் தின்றுவிட்டு நடந்தே மலையேறுவார்கள்.

இதைப் புரிந்துகொண்டவர் பத்தாம் குதிரைப்படையின் கர்னல் கிரியர்சன். 1880 கோடையில், டெக்சாஸில், அவர் துரத்துவதை விட்டுவிட்டுச் சுனைகளில் காவல் போட்டார். ஜூலை 30 அன்று தினாஹா தே லாஸ் பால்மாஸில் சிறு படையோடு வழிமறித்தார். அடுத்து, 21 மணி நேரத்தில் 65 மைல் கடந்து, விக்டோரியோவுக்கு முன்பே ராட்டில்ஸ்னேக் ஊற்றை அடைந்தார். ஆகஸ்ட் 6 அன்று தாகத்தோடு வந்தவர்களை எதிர்கொண்டது துப்பாக்கிச் சூடு. விக்டோரியோ மெக்சிகோவுக்குப் பின்வாங்க நேர்ந்தது.

அங்கே தோட்டாவும் தீர்ந்துகொண்டிருந்தது. அதைத் தேடி வீரர்கள் சிலர் வெளியே போயிருந்த நேரத்தில், அக்டோபர் 14 அன்று, ட்ரெஸ் காஸ்டியோஸ் என்ற மூன்று சிறு குன்றுகளில் மெக்சிகோ தளபதி ஹோவாகின் டெர்ராசாஸின் படை சூழ்ந்துகொண்டது. சமவெளி நடுவே அந்தக் குன்றுகளிலிருந்து நழுவ மலையிடுக்கு ஏது? மறுநாள் காலைக்குள் 78 பேர் மாண்டார்கள். விக்டோரியோவும் அதில் ஒருவர். எஞ்சியவர்களில் 68 பெண்களையும் குழந்தைகளையும் சிறைபிடித்தார்கள்.

தோட்டா தேடிப் போனவர்களில் எழுபது வயதைத் தாண்டிய அப்பாச்சித் தலைவர் நானாவும் இருந்தார். 1881 கோடையில், ஒரு சிறு வீரர் குழுவோடு அவர் நியூ மெக்சிகோவுக்குள் இறங்கினார்.