மேசைக்கு வந்த மூன்றாவது சீல்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறுப்பாளர் பழந்துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என் மேசைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தால், பம்பிலிருந்து கழற்றிய மெக்கானிக்கல் சீல், அதாவது பம்ப் ஒழுகாமல் அடைக்கிற பாகம். வெந்நீர் பம்ப். "மூன்றாவது சார் இது. எதுவும் ஆறு வாரம் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிட விலை கூடினதாகத்தான் வாங்கினோம்" என்றார். முதல் இரண்டும் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்போடு போய்விட்டனவாம். நல்லவேளை, இதாவது தப்பியது. இது என்ன சொன்னது என்பதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

"ஷாஃப்ட் 40 மில்லி, ஒரு சீல் வேண்டும்" என்று கேட்டு வாங்குவதுதான் பல இடங்களில் வழக்கம். ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டின் அளவைச் சொன்னால் சீல் உள்ளே நுழையும், அவ்வளவுதான். எத்தனை நாள் ஓடும் என்பதற்கு அந்த 40இல் பதில் கிடையாது.

சீலைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பம்பின் ஷாஃப்ட் உடலுக்குள் நுழையும் இடத்தில் இடைவெளி இருக்கிறது, அதன் வழியே திரவம் வெளியே வரப் பார்க்கும். பழைய முறையில் அங்கே கயிறு போலப் பின்னிய பேக்கிங்கைத் திணித்து, அதை அழுத்தும் மூடியான கிளாண்டை இறுக்குவார்கள். அது சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டு நிற்கும்வரை இறுக்கினால் பேக்கிங் கருகி, ஷாஃப்ட் மேல் போட்ட ஸ்லீவ் என்கிற உறையில் வரிவரியாகப் பள்ளம் விழும். மெக்கானிக்கல் சீலில் இரண்டு வளையங்கள். ஒன்று ஷாஃப்டோடு சுற்றுகிறது, மற்றது அசையாமல் நிற்கிறது. ஒன்றின் முகத்தை மற்றதன் முகத்தோடு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த முகங்களைத்தான் ஃபேஸ் என்கிறோம்.

ஃபேஸ் எவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும் என்று கேட்டால் புதியவர்கள் நம்பமாட்டார்கள். லாப் செய்து, அதாவது தேய்த்துத் தட்டையாக்கி, முடித்த ஃபேஸ் மேல் கண்ணாடித் தட்டை வைத்து ஹீலியம் விளக்கில் பார்ப்போம். வெளிச்சமும் கறுப்புமாகக் கோடுகள் தெரியும். ஒரு கோட்டின் மதிப்பு சுமார் 0.3 மைக்ரான். இரண்டு, மூன்று கோட்டுக்குள் இருந்தால்தான் அது பாஸ். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது இரண்டு ஃபேஸுக்கும் நடுவில் ஒரு மைக்ரானை ஒட்டிய கனத்தில் திரவப் படலம் ஒன்று நிற்கிறது. வழுவழுப்பும் அதுதான், குளிர்ச்சியும் அதுதான். அந்தப் படலம் இருக்கிறவரை சீல் உயிரோடு இருக்கும். ஆகவே சீலைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் உண்மையில் தேடுவது, அந்த இடத்தில் அந்தத் திரவம் திரவமாகவே நிற்குமா என்பதற்கான பதில்.

"அந்த இடத்தில்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சீல் கேட்டு அனுப்பும் படிவத்தில் தொட்டியின் வெப்பநிலையையும் டெலிவரி அழுத்தத்தையும், அதாவது பம்ப் வெளியே தள்ளும் பக்கத்து அழுத்தத்தையும், எழுதி அனுப்பிவிடுகிறார்கள். சீல் உட்கார்ந்திருப்பது தொட்டியிலும் இல்லை, டெலிவரி பைப்பிலும் இல்லை. அது இருப்பது திரவத்தைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்குப் பின்னால், ஷாஃப்டைச் சுற்றியுள்ள ஸ்டஃபிங் பாக்ஸ் என்கிற அறையில். பல பம்புகளில் அங்கே அழுத்தம் டெலிவரியைவிட வெகுவாகக் குறைவு.

சரி, இப்போது பொட்டலத்துக்கு வருவோம். கார்பன் ஃபேஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விளிம்பு முழுக்க எலி கடித்தது போலச் சின்னச் சின்னச் சில்லுகளாகப் பெயர்ந்திருந்தது. "ஓடும்போது அவ்வப்போது புஸ் புஸ்ஸென்று சத்தம் வருமா?" என்று கேட்டேன். "வரும், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். தண்ணீர் 115 டிகிரி. ஸ்டஃபிங் பாக்ஸில் கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னதில் 1 பார் காட்டியது. வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் 2 பார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது 120 டிகிரியில். அதாவது கொதிநிலைக்கு 5 டிகிரிதான் பாக்கி. ஃபேஸ்கள் உரசும் சூடு ஒன்றே அந்த 5 டிகிரியைத் தின்றுவிடும். படலம் நீராவியாகிறது, ஃபேஸ்கள் விலகுகின்றன, புஸ்ஸென்கிறது. உடனே திரும்ப மோதுகின்றன. விளிம்பு பெயர்கிறது. வைரத்தில் ஃபேஸ் செய்து போட்டிருந்தாலும் அங்கே கதை மாறியிருக்காது.

அவர்களுக்கு நான் புதிய சீல் எதையும் சிபாரிசு செய்யவில்லை. பாக்ஸில் உள்ள நீரை மட்டும் ஒரு சின்னக் கூலர் வழியாகச் சுற்றவிடும் அமைப்பைச் சொன்னேன். தொழிலில் இதற்குப் பிளான் 23 என்று பெயர். பம்பின் நீரைத் தொடர்ந்து எடுத்துக் குளிர வைப்பது பிளான் 21. அதில் கூலருக்கு ஓயாத வேலை. 23இல் அதே நீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் சுமை குறைவு. முதலில் போட்டிருந்த அதே சாதாரண சீலைத்தான் மறுபடி மாட்டினார்கள். அடுத்த முறை அவர் என்னை அழைத்தபோது பேச்சு வேறொரு பம்பைப் பற்றி.

ஃபேஸ் பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுத்தமான திரவத்துக்குக் கார்பனும் சிலிக்கான் கார்பைடும் நல்ல ஜோடி. கார்பனுக்குத் தானே வழுக்கும் குணம் உண்டு, நொடிப் பொழுது வறண்டாலும் பொறுத்துக்கொள்ளும். மணல், தூள் கலந்த திரவம் என்றால் கார்பன் தேய்ந்துபோகும். அங்கே இரண்டு பக்கமும் கடினமான ஃபேஸ் வேண்டும். ஆனால் கடினமும் கடினமும் வறண்டு உரசினால் தாங்காது, கீச்சென்ற சத்தத்தோடு முடிந்துவிடும். செராமிக் மலிவு, ஆனால் சூடேறியிருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். இன்னொன்று: சிலிக்கான் கார்பைடு என்று கேட்டால் போதாது. ரியாக்‌ஷன் பாண்டட் வகையில் தனிச் சிலிக்கான் கொஞ்சம் மிச்சம் இருக்கும். காஸ்டிக் சோடா போன்ற கடும் காரம் அதைக் கரைத்துவிடும். அங்கே சின்டர்டு வகைதான் கேட்க வேண்டும். இரண்டும் பார்க்கக் கறுப்புத்தான், அதனால்தான் ஆர்டரில் எழுதச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்து ஃபேஸுக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூட ஓ-ரிங்குக்கு, அதாவது சீலின் மற்ற இடுக்குகளை அடைக்கும் ரப்பர் வளையத்துக்கு, கிடைப்பதில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 வினாடியில் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணையில், குளிரில் விறைத்துப்போன ரப்பர் ஓ-ரிங் ராக்கெட்டின் இணைப்பை அடைக்கத் தவறியது தெரியவந்தது. இயற்பியலாளர் ஃபைன்மன் விசாரணைக் கூட்டத்திலேயே அந்த ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கிக் காட்டினார். நம் பம்புகளில் அவ்வளவு பெரிய விபத்து வராது, ஆனால் ரப்பரின் பிடிவாதம் அதேதான். ரப்பரிலும் வகைகள் உண்டு. நைட்ரைல் எண்ணெய்க்கு நல்லது, 100 டிகிரிக்கு மேல் அதை நம்பாதீர்கள். விட்டான் 200 டிகிரி வரை எண்ணெயைத் தாங்கும், ஆனால் நீராவிக்கும் அசிட்டோன் போன்ற கரைப்பான்களுக்கும் ஒத்துவராது. வெந்நீருக்கு ஈபிடிஎம் அருமையானது.

அந்த ஈபிடிஎம்மில் நானே ஒரு தடவை சூடுபட்டிருக்கிறேன். சரியான சீல், சரியான ரப்பர், எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று நாளில் ஒழுகியது. கழற்றினால் ஓ-ரிங் உப்பிப்போய்த் தன் பள்ளத்தில் நகராமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஃபிட்டர் அக்கறையோடு கிரீஸ் தடவி மாட்டியிருக்கிறார். சாதாரணப் பெட்ரோலியம் கிரீஸ். ஈபிடிஎம்முக்கு அது விஷம், சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டது என் தவறு.

ஸ்பிரிங்கில் ஒரே விஷயம்தான். ஆறும் எட்டுமாகச் சின்ன ஸ்பிரிங் வைத்த சீல்கள் ஃபேஸை ஒரே சீராக அழுத்தும். ஆனால் சர்க்கரைப் பாகு, உப்புக் கரைசல் போல உறைந்து படிகிற திரவம் வந்தால் அந்தச் சின்ன ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும். அங்கே ஒற்றைப் பெரிய ஸ்பிரிங்கோ, துருத்தி போல மடிந்து விரியும் பெல்லோஸோ நல்லது. ஒற்றைக் கூம்பு ஸ்பிரிங்குக்கு மட்டும் சுழலும் திசை முக்கியம், மாற்றி மாட்டினால் பிடி விட்டுவிடும்.

விஷத் திரவம், சட்டென்று தீப்பிடிக்கிற திரவம் என்றால் ஒற்றைச் சீலில் பணம் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். இரட்டைச் சீல் போட்டு, நடுவில் சுத்தமான திரவத்தை பம்பின் அழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் வைத்தால், உள் சீல் கெட்டாலும் சுத்தமானதுதான் உள்ளே போகும், விஷம் வெளியே வராது. உள்ளே கலந்தால் கெடுதல் இல்லாத திரவமாக அது இருக்க வேண்டும், அவ்வளவே. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்காக 1994இல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 682 தரநிலை இந்த அமைப்புகளை எண் போட்டு வகைப்படுத்தியிருக்கிறது. சீல் 25,000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய மூன்று வருடம், இடைவிடாமல் ஓட வேண்டும் என்பது அதன் இலக்கு. ஆறு வாரம் ஓடியதே பெரிது என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்க்கலாம்.

ஆனால் சீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஷாஃப்ட் ஆடினால் ஒன்றும் செய்ய முடியாது. டயல் கேஜை வைத்து ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். முள் 0.05 மில்லிக்கு மேல் ஆடினால் முதலில் பேரிங்கைக் கவனியுங்கள். டெலிவரி வால்வைப் பாதிக்கும் மேல் மூடி ஓட்டுகிற பம்பில் ஷாஃப்ட் வளையும், அப்போதும் பழி சீல் மேல்தான் விழும்.

மாட்டுகிற இடத்தில் தவறு நேராமல் இருக்க, வசதியிருந்தால் கார்ட்ரிட்ஜ் சீல் வாங்குங்கள். ஸ்பிரிங் அழுத்தம் எல்லாம் முன்கூட்டியே சரிசெய்து, கிளிப் போட்டுப் பூட்டி வரும். கிளாண்ட் போல்ட்டை இறுக்கி, அப்புறம் சீலை ஷாஃப்டோடு பிணைக்கும் காலர் ஸ்க்ரூக்களை இறுக்கி, கடைசியில்தான் கிளிப்பை எடுக்க வேண்டும். எடுக்க மறந்து சுவிட்சைப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், முதலிலேயே எடுத்துவிட்டுத் திண்டாடியவர்களையும் பார்த்திருக்கிறேன். எடுத்த கிளிப்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு அந்தப் பம்பின் இம்பெல்லரைச் சரிசெய்யக் காலரைத் தளர்த்தும்போது அதே கிளிப்பைத் திரும்பப் போட்டாக வேண்டும். ஒரு கம்பியில் கோத்து பம்பின் அடித்தட்டிலேயே கட்டித் தொங்கவிட்டால் போதும்.

நன்றி, வணக்கம்.