ஒரே டெஸ்ட் கேஸுக்கு இரண்டு ரிசல்ட் வருவது ஏன்?

[திரை: ஒரு டெஸ்ட் கேஸ். பக்கத்தில் ஒரு பச்சை 'பாஸ்', ஒரு சிவப்பு 'ஃபெயில்']

டெஸ்ட் கேஸ் என்பது, சாஃப்ட்வேரை எப்படிச் சோதிப்பது, என்ன ரிசல்ட் வர வேண்டும் என்று படிப்படியாக எழுதிய குறிப்பு. ஒரே பில்டில், அதாவது சாஃப்ட்வேரின் ஒரே பதிப்பில், ஒரே டெஸ்ட் கேஸை இரண்டு டெஸ்டர்கள் ரன் செய்கிறார்கள். ஒருவருக்கு பாஸ், இன்னொருவருக்கு ஃபெயில். சாஃப்ட்வேரில் யாரும் கை வைக்கவில்லை. இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டெஸ்ட் கேஸ் எழுதப்பட்ட விதத்தை. லாகின் பக்கத்தை வைத்தே பார்ப்போம்.

விதி இதுதான்: தவறான பாஸ்வேர்டை 5 முறை கொடுத்தால், கணக்கு 30 நிமிடம் லாக் ஆகும்.

[திரை: "தவறான பாஸ்வேர்டைப் பலமுறை கொடுக்கவும். கணக்கு சரியாக லாக் ஆக வேண்டும்."]

பலமுறை என்றால் எத்தனை? ஒருவர் 5 முறையோடு நிறுத்துவார், இன்னொருவர் 6 முறை கொடுப்பார். கோடில் 'குறைந்தது 5' என்பதற்குப் பதில் '5-க்கு மேல்' என்று எழுதியிருந்தால், கணக்கு 6வது முயற்சியில்தான் லாக் ஆகும். 6 முறை கொடுத்தவர் கண்ணில் அந்த பக் (கோடில் உள்ள பிழை) படவே படாது. 'சரியாக' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். அதற்கு ஆளுக்கொரு அர்த்தம்.

[திரை: திருத்திய வடிவம், வரி வரியாக]

எண்: லாகின்-014.
தலைப்பு: 5வது தவறான முயற்சியில் கணக்கு லாக் ஆகிறது.
முன்நிபந்தனை: இந்த டெஸ்டுக்கென்றே உருவாக்கிய புதிய கணக்கு. தவறான முயற்சிகள் 0.
படி 1: தவறான பாஸ்வேர்டை 4 முறை கொடுக்கவும். ஒவ்வொரு முறையும் "யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்று வர வேண்டும்.
படி 2: 5வது முறை கொடுக்கவும். "கணக்கு 30 நிமிடங்களுக்கு லாக் செய்யப்பட்டது" என்று வர வேண்டும்.
படி 3: உடனே சரியான பாஸ்வேர்டைக் கொடுக்கவும். அதே லாக் மெசேஜ் வர வேண்டும். முகப்புப் பக்கம் திறக்கக் கூடாது.

பலர் விட்டுவிடுவது படி 3-ஐத்தான். அது இல்லையென்றால், மெசேஜை மட்டும் காட்டிவிட்டு கணக்கை லாக் செய்யாத சாஃப்ட்வேர்கூட பாஸ் ஆகிவிடும்.

இதற்கு ஜோடியாக இன்னொன்று வேண்டும்: 4 தவறு, அடுத்து சரியான பாஸ்வேர்டு. உள்ளே விட வேண்டும். அதன்பின் எண்ணிக்கை மறுபடி 0 ஆகுமா? விதியில் அது இல்லை. நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள். ரிக்வயர்மென்ட், அதாவது சாஃப்ட்வேர் எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகளை எழுதியவரிடம் கேட்டு, பதிலை ரிக்வயர்மென்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

[திரை: லாகின்-014-லிருந்து லாகின்-015-க்கு ஒரு சிவப்பு அம்பு]

அடுத்தது, முந்தைய டெஸ்ட் விட்டுச்செல்லும் மிச்சம். 014 முடிந்ததும் அந்தக் கணக்கு லாக் ஆகிக் கிடக்கிறது. 015-ம் அதே கணக்கைப் பயன்படுத்தினால், உடனே ரன் செய்பவருக்கு ஃபெயில். அரை மணி நேரம் கழித்து வருபவருக்கு பாஸ். முதலில் சொன்ன குழப்பம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. கடைசியில், கணக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ஒரு க்ளீனப் படியைச் சேர்த்தால் போதும் என்று நினைக்கலாம். டெஸ்ட் நடுவிலேயே நின்றுபோனால் அந்தப் படி ரன் ஆகாது. ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு வேண்டிய கணக்கைத் தானே தொடக்கத்தில் உருவாக்கிக்கொள்வதுதான் நம்பகமான வழி. வரிசையை மாற்றிப்போட்டு ரன் செய்து பாருங்கள். ஒரு டெஸ்ட் இன்னொன்றைச் சார்ந்திருப்பது ஒளிந்திருந்தால் பெரும்பாலும் அப்போது வெளியே வரும்.

தேதியிலும் இதே சிக்கல் உண்டு. 'இன்றிலிருந்து ஒரு வருடம்' என்று எழுதிய டெஸ்ட், பிப்ரவரி 29 அன்று வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். தேதியை நிலையாகக் கொடுங்கள். பிப்ரவரி 29-க்குத் தனி டெஸ்ட் கேஸ் எழுதுங்கள்.

சொற்களை டீம் முழுவதும் ஒரே மாதிரி வையுங்கள். ஒருவர் 'லாக்', ஒருவர் 'பிளாக்', ஒருவர் 'டிசேபிள்' என்று எழுதினால், படிப்பவர் மூன்று தனித்தனி நிலைகள் என்று எடுத்துக்கொள்வார். சில சாஃப்ட்வேர்களில் அவை உண்மையிலேயே மூன்று நிலைகள்தான். நீக்கிய டெஸ்ட் கேஸின் எண்ணைப் புதியதற்குக் கொடுக்காதீர்கள். பழைய பக் ரிப்போர்ட்டுகள் அந்த எண்ணைத்தான் சுட்டுகின்றன.

டெம்ப்ளேட் வேண்டுமென்றால், டெஸ்ட் ஆவணங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி/ஐஇஇஇ 29119-3 இருக்கிறது; 2013-ல் வந்தது, 2021-ல் திருத்தப்பட்டது. ஆனால் எந்த டெம்ப்ளேட்டும் 'பலமுறை' என்ற சொல்லைத் தடுக்காது. அதற்கு ஆள்தான் வேண்டும்.

[திரை: ஒருவர் ரன் செய்கிறார், எழுதியவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்]

இந்த ஃபீச்சரைப் பார்த்திராத ஒருவரிடம் டெஸ்ட் கேஸைக் கொடுத்து ரன் செய்யச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நின்று கேள்வி கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். வாயால் பதில் சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போனால், அடுத்தவரும் அதே வரியில் நிற்பார்.