ஏர் பிடித்தவன் பெயர்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஜார்ஜ் என்றதும் வெள்ளைக்காரப் பெயர் என்றுதான் நினைக்கிறோம். மூலம் கிரேக்கம். 'கே' என்றால் நிலம், 'எர்கோன்' என்றால் வேலை. சேர்த்துச் சொன்னால் 'கெயோர்கோஸ்', அதாவது உழவன். வாயில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், மண் வாசனை அடிக்கும். ஏதென்ஸ்காரர்கள் தங்கள் தலைமைக் கடவுளையே 'உழவன் ஜீயஸ்' என்று அழைத்துப் படையல் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய மரியாதை!

இந்தப் பெயர் உலகம் சுற்றக் காரணம் ஒரு புனிதர். ரோமப் படைவீரரான அவர், 303 வாக்கில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஆட்சியில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார் என்பது திருச்சபை மரபு. படங்களில் குதிரை மேல் அமர்ந்து, வேலால் பறவைநாகத்தைக் குத்துவார். கலப்பைக்காரன் பெயர் வேல்காரனுக்குப் போய்விட்டது.

அப்புறம் அது ஊருக்கு ஒரு சட்டை போட்டுக்கொண்டது. ஸ்பெயினில் ஹோர்ஹே, போலந்தில் யெர்ஸி, ரஷ்யாவில் யூரி. சிரியாக் மொழி வழியாகக் கேரளத்துக்கு வந்து கீவர்கீஸ், வர்கீஸ் ஆனது. நாம் பழகும் வர்கீஸ் சேட்டனும் இங்கிலாந்து மன்னர்கள் ஆறு பேரும் ஒரே பெயர்க்காரர்கள்தான்!

அந்த ஆறு பேரில் எனக்குப் பிடித்தவர் மூன்றாம் ஜார்ஜ். அமெரிக்காவை இழந்தவர் என்றே அவரைப் பேசுகிறோம். ஆனால் அவருக்கு விவசாயத்தில் அப்படியொரு பற்று. ராபின்சன் என்ற புனைபெயரில் வேளாண் இதழுக்குக் கட்டுரை எழுதினார். 'விவசாயி ஜார்ஜ்' என்று சொந்த மக்களே அழைத்தார்கள். பெயரின் பொருள் தெரிந்து அழைத்தார்களோ, தெரியாமலோ, அழைத்தது சரி.

விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரினை விட முடியுமா? கூட்டுப்பண்ணைக் குடும்பத்தில் பிறந்த பையன். 1961 ஏப்ரல் 12 அன்று, உழவன் என்ற பெயரோடு நிலத்தை விட்டே மேலே போனான்.

சரி, சென்னைக்கு வருவோம். கோட்டைக்குப் புனித ஜார்ஜ் பெயர். பக்கத்துப் பட்டணத்துக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயர், ஜார்ஜ் டவுன். அங்கேதான் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை. 1996-இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போகும்வரை, நம் உழவர்கள் விளைவித்த காய்கறி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது அந்தப் பெயர் கொண்ட ஊரில்தான்.