வாயை மூடிய நாய்

நேயர்களுக்கு வணக்கம்.

என் இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே நான்கு தழும்புகள் இருக்கின்றன. கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் கிடைத்தவை. கடித்தது வெறிநாய் இல்லை. வீட்டில் செல்லமாக வளர்ந்த ஏழு வயது நாய். காதில் சீழ் வைத்திருக்கிறது என்று கொண்டுவந்தார்கள். மேஜைமேல் ஏற்றியபோது வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தது. வாலும் ஆடியது. காதை மடித்துப் பார்க்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன். இரைப்பு நின்றது. வாய் மூடிக்கொண்டது. 'அட, சமர்த்தாக அடங்கிவிட்டதே' என்று நினைத்தேன். அடுத்த நொடி என் கை அதன் வாயில் இருந்தது.

அதை வளர்த்த அம்மா பதறிப்போனார். "இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லைங்க டாக்டர், திடீர்னு கடிச்சிடுச்சு" என்றார். அந்தத் 'திடீர்னு' என்ற சொல்லை அதற்கப்புறம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். நாய்க்கடி பற்றி யார் பேசினாலும் அது வந்துவிடும். ஆனால் அன்று நடந்ததை நிதானமாக நினைத்துப் பார்த்தால், என் கை கிட்டே போவதற்குள் அந்த நாய் இரண்டு முறை தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. ஒருமுறை மூக்கை நக்கிக்கொண்டது. கடைசியாக வாயை மூடி அப்படியே உறைந்து நின்றது. நான்கு தடவை சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

அன்று என்னை ஏமாற்றியது வால். வாலை ஆட்டினால் நாய் சந்தோஷமாக இருக்கிறது என்றுதானே எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! வால் ஆடுவதற்கு 'எனக்குள் ஏதோ நடக்கிறது' என்பது மட்டுமே பொருள். அந்த 'ஏதோ' என்ன என்பதை மற்ற உறுப்புகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தோஷமான வால் நடு உயரத்தில் அகலமாக ஆடும், கூடவே இடுப்பும் ஆடும். சில நாய்களுக்குப் பின்பாதி உடம்பே ஆடும். இன்னொரு வகை உண்டு. வால் குச்சிபோல விறைத்து மேலே நிற்கும், நுனி மட்டும் சிறிதாக, வேகமாகத் துடிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் வாலாட்டல்தான். கிட்டே போகக்கூடாத வாலாட்டல். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி சொல்கிறோம். நாயே அதை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்போதுதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் ஒரு வேடிக்கையான விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். வளர்ப்பவரைப் பார்க்கும் நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்து ஆடுகிறதாம். தன்னை மிரட்டக்கூடிய இன்னொரு நாயைப் பார்த்தால் இடப்பக்கம். இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு யாரும் நாயின் பின்னால் நின்று அளந்துகொண்டிருக்க வேண்டாம். அவர்களே படம் பிடித்து, கோணத்தை அளந்துதான் கண்டுபிடித்தார்கள். வாலாட்டல் எல்லாம் ஒரே வாலாட்டல் இல்லை என்பது மட்டும் நமக்குப் போதும்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். உடம்பு தளர்வாக இருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா? நட்போடு வரும் நாய் நேர்கோட்டில் வராது. வளைந்து நெளிந்து வரும், வாய் லேசாகத் திறந்திருக்கும், கண் சாதாரணமாக இமைக்கும். விறைத்த நாய்க்கு உடம்பு மரக்கட்டை மாதிரி. பாரம் முழுவதும் முன்கால்களில் இருக்கும், வாய் மூடியிருக்கும், கண் நம்மையே குத்திக்கொண்டு நிற்கும். பிடரியில் முடி சிலிர்த்திருக்கலாம். ஆனால் முடி சிலிர்ப்பது கோபத்துக்கு மட்டும் வருவதில்லை. பயத்திலும் பரபரப்பிலும்கூடத் தானாகச் சிலிர்த்துவிடும், நமக்குப் புல்லரிப்பதுபோல.

பயந்த நாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தப்பாக எடைபோடுகிறோம். காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு, வாலைக் கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, உடம்பைக் குறுக்கி நிற்கும். 'பாவம், பயந்த சுபாவம்' என்று தடவிக்கொடுக்கக் குனிகிறோம். அந்த இடத்திலிருந்து பாருங்கள்: பின்னால் சுவர், மேலே கவிழ்ந்து வரும் ஒரு பெரிய உருவம், தலைக்கு மேல் இறங்கும் கை. ஓட வழியிருந்தால் ஓடிவிடும். வழியில்லை என்றால் அதற்கு மிச்சமிருப்பது பல் ஒன்றுதான். முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் நம் பக்கம் வைத்திருக்கும். அப்போது விழியோரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும். அந்தப் பிறையைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள்.

இதற்கும் முன்னால் சின்னச் சின்ன அடையாளங்கள் உண்டு. தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி, சாப்பாடே இல்லாத நேரத்தில் மூக்கை நக்குவது, திடீரென்று தரையை மோப்பம் பிடிப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது. தூங்கி எழுந்த நாய் கொட்டாவி விட்டால் அது வெறும் கொட்டாவிதான், பயப்பட வேண்டாம். இடம் பொருள் பார்க்க வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதையெல்லாம் ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படியில் கொட்டாவியும் மூக்கை நக்குவதும், அப்புறம் முகத்தைத் திருப்புவது, விலகிப் போவது, ஒடுங்குவது, விறைப்பது, உறுமுவது. உச்சிப்படியில் கடி. கீழ்ப்படியில் சொன்னது நம் காதில் ஏறவில்லை என்றால் நாய் அடுத்த படிக்குப் போகிறது.

அதனால்தான் உறுமிய நாயை அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உறுமல் என்பது 'இதோடு நிறுத்திக்கொள்' என்ற எச்சரிக்கை. அடித்தால் உறுமலை விட்டுவிடும், வெறுப்பை விடாது. அடுத்த முறை அந்தப் படியைத் தாண்டி நேராகக் கடிக்கும். 'திடீர்னு கடிச்சிடுச்சு' என்று சொல்லும் வீடுகளில் சிலவற்றில், கொஞ்சம் கிளறிப் பார்த்தால், முன்பு உறுமியதற்கு அடி வாங்கிய கதை இருக்கும்.

குரைக்கிற நாய் கடிக்காது என்பதை மட்டும் நம்பாதீர்கள். குரைக்கும் அந்த நொடியில் வாய் வேறு வேலையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் 'குற்ற உணர்ச்சி' முகம். செருப்பைக் கடித்துவிட்டுத் தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி நிற்கும் நாயைப் பார்த்து 'தப்புன்னு தெரியுது பார்' என்கிறோம். அமெரிக்காவில் நாய்களின் மனதை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வைத்துச் சோதித்தார். தப்புச் செய்த நாய்க்கும் செய்யாத நாய்க்கும் அந்த முகம் வந்தது. வளர்ப்பவர் திட்டினால் வந்தது. அது மன்னிப்பு கேட்கவில்லை, 'கோபப்படாதே' என்கிறது. விரலை நீட்டி முகத்துக்கு அருகில் போய்த் திட்டுகிறவர், ஏற்கனவே நடு ஏணியில் நிற்கும் நாயை மேலே தள்ளுகிறார்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். சின்னக் குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாய்தான், அதுவும் பெரும்பாலும் வீட்டுக்குள்தான். குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் காயம் முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. நாய் பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று நினைத்துக் குனிந்து முத்தம் கொடுக்கிற வயது அது. கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு. நாய்க்கு அது நகர முடியாமல் பிடித்துவைப்பது. குழந்தை கட்டிப்பிடித்திருக்கும் புகைப்படங்களை எடுத்து, குழந்தையின் சிரிப்பை விட்டுவிட்டு நாயின் முகத்தை மட்டும் பாருங்கள். வாய் மூடியிருக்கும், கண்ணில் அந்த வெள்ளைப் பிறை தெரியும். எல்லாப் படத்திலும் இல்லை, ஆனால் நிறையப் படங்களில். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டிகளோடு படுத்திருக்கும் நாய், கட்டிப்போட்ட நாய், உடம்புக்கு முடியாத நாய் ஆகியவற்றிடம் குழந்தையை விடவே கூடாது. பெரியவர் அறையில் இருந்தால் மட்டும் போதாது, கண் கைப்பேசியில் இல்லாமல் இருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு எளிய சோதனை. நாயை மூன்று நொடி மார்பிலோ தோளிலோ தடவுங்கள். நிறுத்திக் கையை எடுங்கள். நெருங்கி வந்து உரசினால் தொடரலாம். அப்படியே நின்றாலோ முகத்தைத் திருப்பினாலோ அத்தோடு சரி. வயிற்றைக் காட்டிப் படுத்தாலும் இதே கதைதான். உடம்பு தளர்ந்து புரண்டால் சொறிந்துவிடலாம். விறைத்துப்போய், வாலை ஒடுக்கிப் படுத்தால் 'என்னை விட்டுவிடு' என்று பொருள்.

தெரியாத நாய் நேராக வருகிறதா? ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. நில்லுங்கள், கைகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளுங்கள், கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். அதற்கு ஆர்வம் போனபின் மெல்லப் பின்வாங்குங்கள். மோப்பம் பிடிக்கட்டும் என்று கையை நீட்ட வேண்டியதே இல்லை, நிற்கிற இடத்திலேயே நம் வாசனை அதற்குத் தெரியும். சைக்கிளில் போனால் இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பாய்ந்தே விட்டால் பை, குடை எது கிடைத்தாலும் அதன் வாய்க்குக் கொடுங்கள். கீழே விழுந்தால் முகத்தைத் தரைப்பக்கம் வைத்து உருண்டையாகச் சுருண்டு, கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். இவ்வளவும் ரேபிஸ் என்ற வெறிநோய் இல்லாத நாய்க்குச் சொன்னது. எச்சில் ஒழுக, தாடை தொங்க, தள்ளாடி வரும் நாயின் மொழியைப் படிக்கவே முயல வேண்டாம், விலகிவிடுங்கள்.

கடித்துவிட்டால், சின்னக் கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். காயத்தின்மேல் எதையும் அப்பி மூட வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசித் தவணைகளை இடையில் நிறுத்தக் கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற, நோய் எதிர்ப்புப் பொருளை நேரடியாகத் தரும் ஊசியும் வேண்டுமா என்று கேளுங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் அதில் இறக்கிறார்கள், அநேகமாக எல்லாமே நாய்க்கடியால் வந்தவை.

அந்தக் காது என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். என் கையில் கட்டு. இந்த முறை மேஜை இல்லை. நான் தரையில், அதற்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்து நிமிடம் போல ஆனது. நாய் எழுந்து வந்து என் கட்டை மோந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறந்து இரைக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் காதைத் தொட்டேன். வாய்க்கட்டு போட்டுவிட்டுத்தான்.

நன்றி, வணக்கம்.