சான்று இல்லாதபோது தோற்பது யார்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நிலத் தகராற்றிலிருந்து தொடங்குகிறேன். நிலம் ஒருவர் கையில் இருக்கிறது. இன்னொருவர் வந்து, 'உங்கள் அப்பா இதை எனக்கு உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார்' என்கிறார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. இரண்டு பேருமே ஒரு காகிதம்கூடக் காட்டவில்லை, ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதி என்ன செய்வார்? நிலம் இருப்பவரிடமே இருக்கட்டும் என்று எழுதிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடுவார். சும்மா இருந்தால் தோற்பவர் உயிலைச் சொல்லிக்கொண்டு வந்தவர். ஆகவே அந்த உயிலை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது.

இந்த உதாரணம் 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில், 102ஆம் பிரிவின் கீழே இருப்பது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. அதில் இந்த விதி 105ஆம் பிரிவு.

அதே பிரிவின் அடுத்த உதாரணம் இன்னும் நுட்பமானது. கடன் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பணம் கேட்கிறார். மற்றவர், 'எழுதிக் கொடுத்தது நான்தான், ஆனால் ஏமாற்றி வாங்கிவிட்டார்' என்கிறார். இருவரும் வாயை மூடிக்கொண்டால் ஜெயிப்பவர் யார்? பத்திரம் வைத்திருப்பவர்தான். பத்திரம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது, ஏமாற்று வேலைக்குச் சான்று இல்லை. எனவே பொறுப்பு இப்போது கடனாளியின் தலையில். 'வழக்குப் போட்டவர்தானே நிரூபிக்க வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் இங்கே தப்பாகிவிடும். பொறுப்பு ஆளைப் பார்த்து வருவதில்லை, கூற்றைப் பார்த்து வருகிறது. ஒரே விவாதத்தில் நான்கு கூற்றுகள் இருந்தால், நான்கு முறை இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

அதனால்தான் விவாதத்தில் முதல் வேலை, தகராற்றை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்வது. 'இந்தக் கஷாயம் நல்லது' என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. 'இதைக் குடித்தால் டெங்கு காய்ச்சல் ஐந்து நாளில் இறங்கும்' என்று எழுதினால் பிடி கிடைக்கிறது. டெங்கு காய்ச்சல் பொதுவாகத் தானாகவே 2 முதல் 7 நாளில் இறங்கக்கூடியது. அப்படியானால் 'குடித்தார், இறங்கியது' என்று சொன்னால் போதாது. குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்று காட்ட வேண்டும். காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான் டெங்குவின் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கஷாயம் வேலை செய்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது.

நம் இலக்கணக்காரர்களுக்கு இந்தப் பொறுப்பு நன்றாகவே தெரிந்திருக்கிறது. நன்னூல் எழுவகை மதம் என்று ஏழு நிலைப்பாடுகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, 'தாஅன் நாட்டித் தனாது நிறுப்பே'. ஒரு கருத்தை நாட்டுகிறவன் தானே அதை நிலைநிறுத்த வேண்டும். கம்பத்தை நட்டவன்தான் அது சாயாமல் மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். அந்த ஏழில் 'மறுத்தல்' தனியாக இருக்கிறது. நாட்டுவதும் மறுப்பதும் வேறு வேறு வேலைகள்.

இனி மதுரைக்குப் போவோம். நமக்கெல்லாம் தெரிந்த வழக்குதான். ஆனால் யார் எதை நிரூபிக்க வேண்டியிருந்தது என்ற கண்ணோடு சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் படித்தால், பொறுப்பு எந்த இடத்தில் கைமாறுகிறது என்பதை வரி வரியாகக் காட்டலாம்.

பொற்கொல்லன் நாட்டியவை இரண்டு கூற்றுகள். கோவலன் கையில் இருப்பது கோப்பெருந்தேவியின் சிலம்பு. அதைத் திருடியவன் கோவலன். இரண்டுக்கும் அவன் தந்த சான்று, சிலம்பு கோவலன் கையில் இருக்கிறது என்ற ஒன்றே. அது யாருடைய சிலம்பு என்பதுதான் கேள்வியே. அரசியின் ஊடலைத் தீர்க்க அவசரமாகப் போய்க்கொண்டிருந்த மன்னன், அவள் சிலம்பு 'கன்றிய கள்வன் கையது ஆகில்' கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று காவலருக்குச் சொல்லிவிட்டான். அந்த 'ஆகில்' என்ற சொல்லைப் பாருங்கள். அப்படி இருந்தால்தான் கொல்ல வேண்டும். அப்படி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. இளங்கோ அந்த இடத்தில் மன்னனுக்குப் போடும் அடைமொழி 'தேரான் ஆகி'. ஆராயாதவனாகி.

காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். 'கொலைப்படு மகன் அலன்' என்கிறார்கள். கோவலனின் தோற்றம் ஒன்றும் வலுவான சான்று அல்ல, ஆனால் அந்தத் தயக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் பொற்கொல்லன். அவன் என்ன செய்கிறான்? தன் கூற்றுக்குப் புதிதாக ஒரு சான்றும் தரவில்லை. கள்வர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டுத் துணை உண்டு என்று பாடம் நடத்துகிறான். அதாவது, இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையா, அதுவே இவன் கைதேர்ந்த கள்வன் என்பதற்கு அடையாளம். கள்வனைப் போல இருந்தாலும் கள்வன், இல்லாவிட்டாலும் கள்வன். எந்தப் பக்கம் விழுந்தாலும் தானே ஜெயிக்கும்படி காசைச் சுண்டுகிறான். சான்று இல்லாததையே சான்றாக்கும் இந்த வித்தை இன்றும் எல்லா மேடையிலும் நடமாடுகிறது. 'ஆதாரம் கிடைக்கவில்லை என்றால் எவ்வளவு திட்டம் போட்டு மறைத்திருக்கிறார்கள் பாருங்கள்' என்ற வாக்கியத்தைக் கேட்காதவர் இங்கே இருக்க முடியாது. அதைக் கேட்டதும் கேட்க வேண்டிய கேள்வி: 'உங்கள் கூற்று பொய்யாக இருந்தால் எது வேறு மாதிரி தெரிந்திருக்கும்?' பதில் இல்லை என்றால், அவர் எதையும் இன்னும் நிலைநிறுத்தவில்லை.

காவலரில் ஒருவன், தானே ஒரு கள்வனிடம் ஏமாந்த கதையைச் சொல்கிறான். கதை கோவலனைப் பற்றியதே இல்லை. அதற்குள் 'கல்லாக் களிமகன்', அதாவது படிப்பறிவில்லாத குடிகாரன் ஒருவன், கோவலனை வாளால் வெட்டிவிடுகிறான். கோவலன் கொண்டுவந்தது ஒற்றைச் சிலம்பு. அதன் இணை ஆயர்பாடியில் கண்ணகியிடம் இருந்தது. 'இதன் ஜோடி எங்கே?' என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

அரசவையில் கண்ணகி மன்னனை அழைக்கும் முதல் சொல் 'தேரா மன்னா'. கொடியவனே என்று தொடங்கவில்லை. ஆராயவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று மன்னன் பதில் சொல்கிறான். கோவலன் கள்வனா என்பதே தகராறு, அதையே அவன் முடிவாக எடுத்துக்கொண்டு பேசுகிறான். பொறுப்பு முழுக்க அரசின் பக்கம் இருந்த வழக்கில், கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி வந்து நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது.

அவள் அதைச் செய்யும் விதத்தை விவாதம் பழகுகிற ஒவ்வொரு மாணவரும் கவனிக்க வேண்டும். முதலில், என் சிலம்பின் உள்ளே இருப்பது மணி என்கிறாள். மன்னன், நீ சொன்னது நல்ல சொல், எங்கள் சிலம்பின் உள்ளே இருப்பது முத்து என்கிறான். அதற்குப் பிறகுதான் சிலம்பு கொண்டுவரப்படுகிறது, உடைக்கப்படுகிறது. மணி தெறித்தால் என்ன பொருள், முத்து தெறித்தால் என்ன பொருள் என்பதை இரண்டு தரப்பும் உடைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். உடைத்த பிறகு எவராலும் சாக்குச் சொல்ல முடியாது. மன்னன் சொல்லவும் இல்லை, 'யானே கள்வன்' என்றான். எது கிடைத்தால் ஒப்புக்கொள்வோம் என்று முன்கூட்டியே பேசி முடிக்காத விவாதம், சான்று வந்த பிறகும் முடியாது. 'அது போதாது, இன்னொன்று காட்டு' என்று கம்பம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சரி, சந்தேகப்படுகிறவருக்குப் பொறுப்பே கிடையாதா? இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். ஒரு கூற்றைக் கேட்டதும் மூன்று பதில் சாத்தியம்: உண்டு, இல்லை, தெரியவில்லை. 'நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் நிரூபணமாகவில்லை' என்பவர் எதையும் நாட்டவில்லை. 'நீங்கள் சொல்வது பொய்' என்று அவர் ஒரு படி ஏறினால், அந்த நொடியிலிருந்து அவரும் ஒரு கம்பத்தை நட்டவர். பொய் என்பதற்கு அவர் சான்று தர வேண்டும். நிரூபிக்கப்படாதது வேறு, பொய் என்று நிரூபிக்கப்பட்டது வேறு.

சான்று கேட்பவரை 'விதண்டாவாதம் பண்ணாதே' என்று அடக்குவது நம் ஊர் வழக்கம். அந்தச் சொல் நியாய சூத்திரம் என்ற பழைய தர்க்க நூலில் வருவது. அது விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறியப் பேசுவது வாதம். வெல்வதற்காகப் பேசுவது ஜல்பம். வெல்வதற்காகவே பேசி, தன் பக்கமாக எதையும் நாட்டாமல் எதிராளியை இடிப்பது மட்டும் விதண்டை. சான்று கேட்பதே விதண்டை ஆகிவிடாது. கேட்பவர் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறாரா, அது பொருத்தப்பட்டால் ஒப்புக்கொள்வாரா என்று பாருங்கள். 'எனக்கு நம்பிக்கை வரவில்லை' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்பவரை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

'இல்லை என்பதை நிரூபிக்கவே முடியாது' என்று ஒரு வசனம் உண்டு. அது தவறு. தமிழ்நாட்டில் வீட்டுமனை வாங்குகிற எவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் 'இல்லை' என்பதற்கு எழுத்துமூலமான சான்று வாங்குகிறார். வில்லங்கச் சான்று. கேட்ட காலத்துக்குள் அந்தச் சொத்தின் மீது பதிவான நடவடிக்கை எதுவும் இல்லை என்றால் 'இல்லை' என்றே எழுதித் தருகிறார்கள். எப்படி முடிகிறது? சர்வே எண் குறிப்பிட்டிருக்கிறது, காலம் குறிப்பிட்டிருக்கிறது, அந்த அலுவலகத்தில் பதிவான ஆவணங்களுக்கு அட்டவணை இருக்கிறது. தேட வேண்டிய இடத்துக்கு வேலி போட்டாயிற்று, அதற்குள் முழுக்கத் தேடியாயிற்று. வேலிக்கு வெளியே இருப்பதை அந்தச் சான்று சொல்லாது. பதிவு செய்யாத ஒப்பந்தமோ வாய்மொழிக் குத்தகையோ அதில் வராது. கேட்ட காலத்துக்கு முந்தியதும் வராது. வில்லங்கமே இல்லை என்று நம்பி வாங்கியவர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த வேலியை மறந்ததால். விவாதத்திலும் இதே கணக்குதான். 'இந்த அறையில் பாம்பு இல்லை' என்று காட்டலாம். 'உலகத்தில் எங்குமே அப்படி ஒரு பாம்பு இல்லை' என்று காட்டச் சொல்லி எதிராளியை அனுப்பினால், அது வேலியில்லாத காட்டுக்கு அனுப்புவது.

பொறுப்பு நியாயமாகவே இடம் மாறும் இடங்களும் உண்டு. ரயிலில் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தார் என்று குற்றம் சாட்டப்பட்டவர், டிக்கெட் இருந்தது என்பதை அவரே காட்ட வேண்டும். பழைய 106ஆம் பிரிவின் உதாரணம் இது, இப்போது 109. அவருக்குச் சட்டைப் பையில் கை விட்டால் போதும், மற்றவருக்கு வழியே இல்லை. ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி, இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். காசோலையில் கையெழுத்தை ஒப்புக்கொண்டவருக்கு, அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்ற அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு வருகிறது. ஆனால் அவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டியதில்லை, தான் சொல்வதே நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். 2010இல் ரங்கப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. பொறுப்பு யாருடையது என்று கேட்டவுடன், எவ்வளவு காட்டினால் போதும் என்றும் கேட்டுவிடுங்கள்.

இந்த 106ஐ இழுத்துப் பிடித்து, 'உனக்குத்தானே தெரியும், நீயே சொல்' என்று எல்லாச் சுமையையும் குற்றம் சாட்டப்பட்டவர் மீது போடப் பார்த்ததும் உண்டு. அஜ்மீர் ரயில்வே எழுத்தர் ஒருவரின் பயணப்படி வழக்கில் 1956இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. அவருக்கு மட்டுமே தனிப்படத் தெரிந்த செய்திக்குத்தான் அந்தப் பிரிவு. குற்றம் சாட்டுபவரும் முயன்றால் தெரிந்துகொள்ளக்கூடிய செய்திக்கு அது பொருந்தாது.

கடைசியாக ஒரு மருந்தின் கதை. தாலிடோமைடு 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும், பின்னர் கருவுற்ற பெண்களின் மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1960 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, 60 நாளுக்குள் அரசு மறுப்புச் சொல்லாவிட்டால் மருந்து தானாக விற்பனைக்குப் போய்விடும். விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி பிரான்சிஸ் கெல்சி, பாதுகாப்பானது என்பதற்குத் தந்த சான்று போதாது என்று கெடு முடிவதற்குள் எழுதிவிடுவார். நிறுவனம் மேலும் சில தாள்களைச் சேர்த்து அனுப்பும். மறுபடியும் எழுதுவார். இடையில் அந்த மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கைகால் நரம்பு பாதிக்கப்படுவதாக ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கடிதம் வந்தது. கருவுற்ற பெண்ணுக்கு இது பாதுகாப்பு என்று காட்டுங்கள் என்று கேட்டார். தீங்கு என்று நீங்கள் நிரூபியுங்கள் என்ற வாதத்துக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. கருவுக்குத் தீங்கு என்பதற்கான சான்று அன்று அவரிடமும் இல்லை. 1961 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. உலகம் முழுவதும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்திருந்தன. அமெரிக்காவில், சோதனை என்ற பெயரில் மருத்துவர்கள் வழியாகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளால் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டன. கடைகளில் அது விற்கப்படவே இல்லை.

1962இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. பாதுகாப்பை மட்டுமல்ல, மருந்து வேலை செய்கிறது என்பதையும் தயாரிப்பவரே காட்ட வேண்டும் என்றானது. 60 நாள் கழிந்தால் தானாகக் கிடைக்கும் அனுமதியும் எடுக்கப்பட்டது. அதன் பிறகு அரசு வாய் திறந்து 'சரி' என்று சொன்னால்தான் மருந்து கடைக்குப் போகும்.